கேட்டுக்கு அந்தாண்ட

தாட்சாயிணி: கேட்டுக்கு அந்தாண்ட நில்லுய்யா.

கங்காதரன்: அந்தாண்டதான் நிக்கிறேன்.

தாட்சாயிணி: மூக்கு உள்ள கீது.

கங்காதரன்: ரோட்ல போறவன்லாம் சிரிக்கிறான். படகு கட்டுறவன் தெருவுல, பொண்டாட்டி உள்ள.

தாட்சாயிணி: சிரிக்கட்டும். படகுக்குப் பூசுற இந்த ரெசின் பசை வாடை பட்டா உன் மூஞ்சி பூரியாட்டம் உப்பிக்கும். இனி ஜென்மத்துக்கும் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?

கங்காதரன்: நீ மொதல்ல மாஸ்க்கை ஒழுங்கா போடு.

தாட்சாயிணி: வேர்க்குதுய்யா...

கங்காதரன்: வேர்க்கட்டும். கிளவுஸ்?

தாட்சாயிணி: போட்டுகினுதான் கீறேன். வளையல் போட்டியான்னு ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்கியா?

கங்காதரன்: கிழிஞ்சா உடனே மாத்து. மேல பட்டா சோப்புத் தண்ணிதான். தின்னரைத் தொடாத.

தாட்சாயிணி: யாரு சொல்றது பாரு! வெறுங்கையால தடவிட்டு, தின்னர்ல கழுவிகினு, அப்படியே சோத்துல கைய வெச்சவரு.

கங்காதரன்: பட்டவன் சொல்றேன்மே...

தாட்சாயிணி: ஐயே, கப்பு சுடுது!

கங்காதரன்: ரெசின்ல ஹார்ட்னரை ஊத்தி எவ்ளோ கலந்த?

தாட்சாயிணி: ஒரே வாட்டியா கலந்துட்டா வேலை சீக்கிரம் ஆவுமேன்னு...

கங்காதரன்: மொத்தமா கப்புலயே கெடந்தா கொதிக்கும்மே! பின்னாடி மண்ணுல வெச்சிட்டுத் தள்ளி வா. இரு, நான் வர்றேன்...

தாட்சாயிணி: காலை உள்ள வெச்ச, தொலைச்சிடுவேன்! ...வெச்சிட்டேன்.

கங்காதரன்: புகையுதா?

தாட்சாயிணி: லேசா. ஒரு கப்பு வீணாப் போச்சு.

கங்காதரன்: போனா போவுது. கைல பட்டுச்சா?

தாட்சாயிணி: படல.

கங்காதரன்: நல்லாப் பாரு.

தாட்சாயிணி: படலைய்யா!

கங்காதரன்: ...போதும் தாட்சா. இதோட வுட்டுரலாம்.

தாட்சாயிணி: படகு அடிப்பக்கம் ஒரு கோட்டு பூசுறதுதான் பாக்கி. ஐப்பசி வந்தா அயனம்பாக்கம் ஏரி நம்ம ஊட்டு வாசல்ல கீது. போன மழைல மொட்டை மாடி மேல நின்னுகினு, படகு வருதா படகு வருதான்னு கத்துனியே...

கங்காதரன்: கத்துனது நீ.

தாட்சாயிணி: நான் கத்துனேன். நீ அழுத.

கங்காதரன்: உனக்கும் என்னை மாதிரி ஆயிடுச்சுன்னா... அப்புறம் படகு இன்னாத்துக்கு?

தாட்சாயிணி: ஆவாது.

கங்காதரன்: கோழிக்கடை மணவாளன் படகைக் கேட்டான். அப்படியே தூக்கிகினு போறானாம். அறுத்துக் கோழிக்கூண்டு அடிக்கிறானாம். நானும் சரின்னு...

தாட்சாயிணி: காலையிலயே வந்தாருய்யா, வண்டியோட. "உனக்கும் கை வீங்கிடுச்சாமே, உங்க ஊட்டுக்காரரு சொல்லி அழுதாரு"ன்னாரு. ரெண்டு கையையும் நீட்டிக் காட்டி அனுப்பிட்டேன்.