விசாரிக்கப்பட்டார்

தாகத்தோடு வருகிறவர்களைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது. காஞ்சிபுரத்தில் குத்தகை வழக்குகளைப் பார்க்கும் அதிகாரியிடம் எழுத்தராகச் சேர்ந்த நாளிலிருந்து, காலையில் என் முதல் வேலை வாசற்பானையில் தண்ணீர் நிரப்புவதுதான். செல்லியம்மாளுக்கும் நான்தான் மொண்டு கொடுத்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூரத்தில் பரசுராமன் என்பவருடைய ஒரு ஏக்கரை அவள் புருஷன் குத்தகைக்குப் பயிரிட்டான். அவன் செத்த பிறகு அவள் பயிரிட்டாள். தன் உடம்பால் நிலத்தில் உழைக்கிற குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது, சட்டம் அப்படி. இவள் உழைக்கவில்லை, ஆள் வைத்துப் பயிரிடுகிறாள் என்று பரசுராமன் மனுக் கொடுத்தார். எங்கள் அதிகாரி ராமலிங்கம் சார் அவர் பக்கம் முடிவு செய்தார். முடிவைச் சார் சொல்வார். காரணங்களை நான் எழுதுவேன்.

1972-ல் அந்த உத்தரவை ஐகோர்ட் ரத்து செய்தது. அவள் உழைத்தாளா இல்லையா என்பதற்குள் கோர்ட் போகவில்லை. அது அவர்கள் வேலையுமில்லை. அவளை நாங்கள் விசாரிக்காமலே முடிவு செய்தது, உத்தரவைப் படித்ததுமே தெரிகிற சட்டப் பிழை என்றது. மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. பதினோரு வருஷத்தில் என் எழுத்தில் பிழை என்று யாரும் சொன்னதில்லை. அன்று நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

“இந்தத் தடவை ஓட்டை இருக்கக் கூடாது காந்தா” என்றார் சார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

விசாரணை நாளன்று செல்லியம்மாள் கூரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

“ஐயா இருக்கறாராமா?”

“கேம்ப் போயிருக்கார்.”

“உள்ள பேச்சு கேக்குதே?”

“அது வேற சார்.”

உள்ளே சாரும் பரசுராமனும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் போனால் பேசுவாள். பேசினால் பதிய வேண்டும். பதிந்தால் அது சார் முன்பே சொல்லிவிட்ட முடிவோடு ஒத்துப்போகாது. பிழை மறுபடியும் தெரியும். அதனால் அவளை என் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்தேன். சாப்பிட்டாயா, இடுப்புவலி எப்படி இருக்கிறது, நடவுக்கு யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னாள்.

“இந்தக் கையப் பாரும்மா. ஆளு வச்சிக்கினு வெள்ளாம பண்றவ கையா இது? அந்தாளு கையத் தொட்டுப் பாரு, பட்டுப்பொடவ மாதிரி வழுக்கிக்கினு போவும்.” சிரித்தாள். பிறகு, “உங்கிட்ட சொன்னா ஐயாகிட்ட சொன்ன மாதிரிதானேம்மா?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன்.

ஆஜரானதற்குக் கைநாட்டு வாங்கினேன். ரேகை விழவில்லை, வெடிப்புகள்தான் விழுந்தன. அந்தத் தாளே சாட்சி சொல்லியிருக்கும். அவள் கட்டைவிரலில் விளக்கெண்ணெய் தடவி, துடைத்து, வேறு தாளில் வாங்கிக்கொண்டு முதல் தாளைக் கிழித்தேன். எண்ணெய் இதமாக இருக்கிறது என்றாள்.

உத்தரவில் இப்படி எழுதினேன்: ‘எதிர்மனுதாரர் நேரில் ஆஜராகி விசாரிக்கப்பட்டார். நிலத்தில் தாம் உடலுழைப்பு செய்வதாக அவர் மெய்ப்பிக்கவில்லை.’ யார் விசாரித்தார் என்று அந்த வாக்கியம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் அந்த வசதி இருக்கிறது.

தன்னை யாரும் விசாரிக்கவில்லை என்று அவள் மறுபடி ஐகோர்ட் போனாள். கோப்பில் கைநாட்டு இருந்தது. உத்தரவில் சட்டப் பிழை எதுவும் தென்படவில்லை, மற்றவற்றில் தலையிட முடியாது என்று தள்ளுபடி செய்தார்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது.

கதிர் முற்றிய வாரத்தில் அவளை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். மூன்றாம் நாள் அந்த வயல் கிணற்றில் கிடந்தாள். நான் போயிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். தண்ணீரில் ஊறி, வெடிப்பெல்லாம் மூடி, வழவழவென்று இருந்தது. அதற்குப் பிறகு பானைத் தண்ணீரை நான் குடிப்பதில்லை.

நீங்களும் அவள் சாவைப் பற்றிக் காலையிலிருந்து என்னைக் கேள்வி கேட்கிறீர்கள். சாப்பிட்டாயா என்று ஒரு தடவை கேட்கவில்லை. நான் அவளை அப்படியா நடத்தினேன்? கேம்ப் என்றது பொய். தாளைக் கிழித்தது குற்றம். அவள் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ‘விசாரிக்கப்பட்டார்’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிழை என்று எழுதாதீர்கள். அவளை நான் நன்றாக விசாரித்தேன்.