முப்பத்தொரு காலித் தட்டுகள்

மத்தி மீனின் வாடை போக எலுமிச்சை மட்டும் போதாது, ஐயா. தோலை உரித்து, நடுவில் இருக்கும் கறுத்த சதையைக் கீறி எடுத்துவிட வேண்டும். பாதி வாடை அதில்தான் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு பேருக்கு இதை நான் நின்றபடியே செய்வேன். இருபத்தாறு வருடச் சமையலில் முழங்கால் இரண்டும் போய்விட்டன.

இதயத்துக்கு நல்லது, எண்ணெய்ச் சத்துள்ள மீன் கொடுங்கள் என்று மருத்துவர் எழுதிவிட்டுப் போனார். தட்டுகள் போன மாதிரியே திரும்பி வந்தன. இஞ்சி அரைத்துப் பூசினேன். உருளைக்கிழங்கோடு பிசைந்து மொறுமொறுவென்று பொரித்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு ரொட்டியை மட்டும் தின்றார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "தட்டு காலியா வரணும். எப்படிங்கிறது உங்க பாடு" என்றார்.

முதலில் ரொட்டியை நிறுத்தினேன். பிறகு காலைக் கஞ்சியை. மதியம் பத்துப் பேர் மீனைக் கேட்டு வாங்கித் தின்றார்கள். இருந்தாலும் வேறு சாப்பாடு ஒன்று வரும் என்று தெரிந்தால் சிலர் அதற்காகக் காத்திருந்துவிடுகிறார்கள். அதனால் மூன்று வேளையும் மீனையே வைத்தேன். ஒரே வாரத்தில் முப்பது தட்டு காலி. என் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்றார் மேலாளர். அப்படி ஒரு வார்த்தை கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது தெரியுமா?

மிச்சம் ஒரே ஒருவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனிதர்.

"கோவிச்சுக்காதம்மா. வாடை பட்டாலே குமட்டுது. ஒரு துண்டு ரொட்டி போதும்."

ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். கொடுக்கவில்லை. அவர் அறையில் இரண்டு பேர். ஒரு தட்டு மிச்சமானாலும் இரண்டு பேருக்கும் அடுத்த வேளை கிடையாது என்று சொல்லிவிட்டேன். கூட இருந்தவர் தையல்காரர், நன்றாகச் சாப்பிடுகிறவர். எப்படியாவது பேசிச் சாப்பிட வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து இரண்டு தட்டும் வழித்துத் துடைத்தாற்போல் வந்தன. பத்தாம் நாள் காலையில் தபால்காரர் எழுந்திருக்கவில்லை.

தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "அவர் தட்டையும் நான்தாம்மா தின்னேன். நீங்களாவது சாப்பிடுங்கன்னு தள்ளி வச்சிட்டாரு."

வாக்குமூலத்தில் பட்டினிச் சாவு என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். எனக்கு மூன்றாம் நாளே தெரியும். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது தையல்காரரின் விரல்களில் மீன் வாடை அடித்தது. தபால்காரரின் விரல்களில் சோப்பு வாடைகூட இல்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எனக்கு அலுத்துவிட்டது, ஐயா. பேசாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேலாளர் மேல் பழி போட மாட்டேன், செய்தது நான்தான்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒருவரைத் தவிர, மற்ற முப்பது பேருக்கும் என் மீன் ரொம்பப் பிடித்திருந்தது.