நான்கரை நட்சத்திரம்

மலிவு வேறு, மட்டம் வேறு. பதினொரு வருடங்களாக இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதி வருகிறேன், மேடம். காதுக்குள் அடைத்து மாட்டுகிற இயர்போன்களில் விலை குறைந்தவற்றை மட்டும்தான் விமர்சனம் செய்வேன். விலை உயர்ந்ததை வாங்குகிறவருக்கு யாருடைய யோசனையும் தேவையில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு பாட்டுக் கேட்கிறவருக்குத்தான் தேவை. என்னை நம்பி நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். 'பொற்செவி' என்று எனக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். நானாக வைத்துக்கொண்டதில்லை.

நீங்கள் கேட்பது என் மைத்துனரைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

அவர் என் மனைவியின் அண்ணன். முப்பது வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட் இன்ஜினீயராக இருந்தவர். முழங்கால் போய், மாடிப்படி ஏற முடியாமல் ஆனதும், ஆறு மாதம் முன்பு எங்கள் தரைத்தள வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அதில் மறுபேச்சே இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

விமர்சனம் எழுதி முடித்ததும் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். 'பேஸ் வெல்வெட் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது' என்று நான் வாசித்தால், அவர் அந்த இயர்போனை வாங்கி ஒரு நிமிடம் மாட்டிப் பார்ப்பார்.

"இதுல எது மாப்ள வெல்வெட்டு? எனக்குத் தகர டப்பாவுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்பார்.

நான் கோபப்பட்டதே இல்லை. அவருடையது தொழிலாளியின் காது, என்னுடையது ரசிகனின் காது என்று மனைவியிடம் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஒரு தடவை சொன்னது உண்மைதான். அது சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது. அதுவும் அவருக்குக் கேட்டுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர், "கண்ணக் கட்டிக்கோ மாப்ள. மூணு தடவ மாட்டி விடறேன். ஒண்ணொண்ணும் எப்படி இருக்குன்னு சொல்லு, பாப்போம்" என்றார். மகள் துண்டை எடுத்து வந்து கட்டினாள். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

முதலாவது, மூக்கடைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். இரண்டாவது விசாலம், இடது கோடியில் வயலின்காரர் நாற்காலியை நகர்த்துவதுகூடக் கேட்கிறது என்றேன். மூன்றாவது குப்பை என்றேன். துண்டை அவிழ்த்துப் பார்த்தால் மேஜையில் ஒரே ஒரு இயர்போன் கிடந்தது. மூன்று தடவையும் அதேதான்.

மனைவி சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். மகள் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தாள். "அப்பா, இத அப்படியே போட்டா சும்மா பிச்சுக்கும்" என்றாள். தடுத்தவர் மைத்துனர்தான்.

"வேணாம்மா, அழிச்சிடு. உங்கப்பா பேரு கெட்டுப் போயிடும். பாவம்."

அவள் என் கண் முன்னாலேயே அழித்தாள். அந்தப் 'பாவம்' மட்டும் அழியவில்லை. அதற்காக நான் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் கிடையாது.

அது நடந்து பத்தாம் நாள். காலை பதினொரு மணி இருக்கும். மனைவி மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் என் அறையில் புதிதாக வந்த ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிற கட்டம். வழக்கமாக அதற்கு வாஷிங் மெஷினை ஓட விடுவேன். அன்று அதற்கு அவசியம் வரவில்லை.

தடாலென்று ஒரு சத்தம். பிறகு குளியலறையிலிருந்து குரல்.

"மாப்ள, விழுந்துட்டேன். கொஞ்சம் வா."

காதில் மாட்டியிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். மனைவியும் கேட்டாள். "நெஜமாவே கேக்கலையா உங்களுக்கு?" என்றாள். "மாட்டியிருந்தேனே" என்றேன். நம்பினாள். நீங்களும் நம்பினீர்கள். அடக்கம் முடிந்த மறுநாள் என் விமர்சனம் வெளியானது. அதை நீங்கள் படிப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. காவல்துறையிலும் எனக்கு வாசகர் இருப்பது ஒருவகையில் சந்தோஷம்தான்.

நீங்கள் கோடு போட்டு வைத்திருக்கிற வரி என்னுடையதுதான். 'இயர்போன் முனையில் ரப்பர் மூடி போட்டால், பக்கத்தில் ஒருவர் கூப்பிடுவது மெலிதாக, ஆனால் சொல் சொல்லாகக் கேட்கிறது. அதற்காக அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.' அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கக் கூடாதா என்று என் வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். எப்படி விடுவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழக்கம் என் எழுத்தில் கிடையாது.

குளியலறைக் கதவு தாழிட்டிருக்கவில்லை. முழங்கால் அப்படி இருக்கும்போது தாழிடவே கூடாது என்று மனைவி அவருக்குச் சொல்லி வைத்திருந்தாள். என் நாற்காலியிலிருந்து பதினான்கு அடி. நான் எழுந்திருக்கவில்லை. ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு அளவு பெரியதைப் போட்டேன். "ரத்தம் வருது மாப்ள" என்பது அப்போதும் கேட்டது. ஒலியைக் கூட்டினேன். மற்ற சொற்கள் அமுங்கின. 'மாப்ள' மட்டும் பாட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது. குறித்துக்கொண்டேன்.

பெட்டியில் கூடுதலாக ஒரு ஜோடி பஞ்சு மூடி கொடுத்திருந்தார்கள். அதை விரலால் உருட்டிச் சின்னதாக்கி, காதுக்குள் விட்டு, உப்பிக்கொள்ளும்வரை பிடித்திருக்க வேண்டும். அரை நிமிடம் ஆகும். அவசரப்படக் கூடாது. பிடித்திருந்தேன். அதன் பிறகு நிம்மதியாக இருந்தது. ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். நாற்பத்து மூன்று நிமிடம். அரை மணிக்குள் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அது அவர் துறை.

ஆக, கேட்டது. போகவில்லை. போகக் கூடாது என்றுதான் போகவில்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம்தான் என்னை அரிக்கிறது, மேடம். பஞ்சு மூடி மனிதக் குரலை முழுதாகத் தடுத்துவிடுகிறது என்று விமர்சனத்தில் அடித்துச் சொல்லிவிட்டேன். ஆல்பம் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கக் கழற்றினேன். வெளியேயும் சத்தம் இல்லை. அப்படியானால் தடுத்தது மூடியா, அல்லது அவரே கூப்பிடுவதை நிறுத்திவிட்டாரா? இதைச் சரிபார்க்காமல் எழுதியது பெரிய தப்பு. என் போன் உங்களிடம்தானே இருக்கிறது, ஐந்து நிமிடம் கொடுங்கள், ஒரு திருத்தம் போட்டுவிடுகிறேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.