எங்கம்மா வீட்டு வழியில நிக்கிற வண்டி

பேட்டரியெல்லாம் பாக்காதீங்க தம்பி, அது மாத்தியாச்சு. பிளக்கும் மாத்தியாச்சு. இந்த வண்டில நாங்க மாத்தாதது ஹாரன் ஒண்ணுதான், அது மட்டும் நல்லா கத்தும்.

யாரு, அவரா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் போன வச்சுக்கிட்டு அலையறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. அவங்கம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. தாங்காதுன்னு சொல்லிட்டாங்களாம், அதான் பதர்றாரு. வாடகைக் காரா? கூப்பிட்டுப் பாத்தாச்சு, இந்தக் காட்டுக்கு எவன் வரான்? மெக்கானிக்குன்னு நீங்க ஒருத்தர் வந்ததே பெரிசு.

வாங்கினப்பவே இது பழைய வண்டிதான். எங்கண்ணன்கிட்ட காட்டணும்னு நேரா அங்கதான் ஓட்டிக்கிட்டுப் போனாரு. அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. என்ன மாப்ளே, தள்ளறதுக்கு ஆளையும் சேத்துக் குடுத்தாங்களான்னு கேட்டுட்டான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானுந்தான் சிரிச்சேன். திரும்பி வரப்ப நிஜமாவே நின்னு போச்சு.

அன்னையிலேர்ந்து எங்கம்மா வீட்டு ரோடே இதுக்கு ஆகல. அட, நெசமாத்தான். இவரு அக்கா வீட்டுக்குன்னா மலை கூட ஏறும். எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பினா பாதி வழியில டீ குடிக்க நிறுத்துவாரு, குடிச்சுட்டு வந்தா ஸ்டார்ட் ஆகாது. பானெட்டத் தூக்கி உத்து உத்துப் பாத்துட்டு, திரும்பிடலாம்மான்னு சொல்லுவாரு. திரும்பறதுன்னா மட்டும் எப்படியோ கிளம்பிடும்! நான்தான் அத மாத்து, இத மாத்துன்னு நச்சரிப்பேன். அவரும் சரி சரின்னு மாத்துவாரு. பீடை பிடிச்ச வண்டின்னு திட்டிக்கிட்டே இருந்தேன், மக்கு மாதிரி.

போன வருஷம், நினைவில்லாமக் கெடந்த அம்மா கண்ணத் தொறந்து என்னைக் கேக்குதுன்னு அண்ணன் போன் பண்ணான். அன்னைக்கும் நின்னுச்சு. பஸ்ல போறேன்னு அழுதேன். பஸ்ல போய் இறங்கினா உங்கண்ணன் என்ன பேசுவான், இரு, இதோ ஆயிடும்னு கையப் புடிச்சு உக்கார வச்சாரு. கடைசில ஒரு லாரிக்காரர்தான் ஏத்திக்கிட்டுப் போய் விட்டாரு. போய்ச் சேந்தப்ப அம்மா மூஞ்சியத் துணியால மூடியிருந்தாங்க. கார் எங்கேன்னு அண்ணன் ஒரு வார்த்தை கேக்கல.

எல்லாம் முடிஞ்சு வந்து அவரு சட்டைய ஊறப் போடறேன், பையில சின்னதா ஒரு பிளாஸ்டிக் துண்டு, ரெண்டு கால் வச்சு. எங்க தெரு மெக்கானிக்குகிட்ட காட்டினேன். அக்கா, இது பெட்ரோல் பம்பு ஃபியூஸ், இத உருவிட்டா வண்டி எப்படிக் கிளம்பும்னாரு. ஸ்டியரிங்குக்குக் கீழ எங்க இருக்கும்னும் காட்டினாரு. வீட்டுக்கு வந்து பழையபடி சட்டைப் பையிலயே போட்டுட்டேன். இன்னைய வரைக்கும் ஒண்ணும் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாரு? தெரியாம நடந்து போச்சும்பாரு.

அத்தை மேல ஒரு கோவமும் இல்ல. எனக்குப் பிள்ளை பொறந்தப்ப என் துணியெல்லாம் அலசிப் போட்டவங்க. பாவம், பையன் வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாங்க. அதுக்காகத்தான் ரொம்ப இழுக்கக் கூடாதுன்னு இருக்கேன்.

இந்தா, வராரு. நீங்க அப்படியே பானெட்டுக்குள்ள குனிஞ்சு தேடற மாதிரி தேடுங்க. அவரு கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறத இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன். அப்புறம் தரேன், அந்த ரெண்டு கால் துண்டு என் கைப்பைலதான் இருக்கு.