இஸ்திரி போட்ட முகம்

நஸீஹா: மச்சான், கருகுது! பெட்டியத் தூக்குங்க!

சுஐபு: ஆ... ஆமா... தூக்கிட்டேன்.

நஸீஹா: தூக்கி எங்க வெச்சிருக்கீங்க பாருங்க. என் தாவணி மேல! குடுங்க இங்க.

சுஐபு: ஒண்ணும் ஆகல. அங்கியில கழுத்துகிட்ட லேசா மஞ்சளாயிருக்கு, அவ்வளவுதான்.

நஸீஹா: அவ்வளவுதானா? சாயந்திரம் இதப் போட்டுக்கிட்டுத்தான் உங்க முதலாளி அபூ நாசரோட திவானியாவுல, ஊருப் பெரியவங்க கூடுற அந்தச் சபையில போய் நிக்கணும். அம்பது கொவைத்திக்கு முன்னாடி கஹ்வாக் காப்பி ஊத்தணும்.

சுஐபு: கஹ்வா ஊத்துறவன் கழுத்த எவன் புள்ள பாக்குறான். கூஜாவும் கையும்தான் தெரியும்.

நஸீஹா: நான் பாக்குறேன்ல. ஜும்ஆ தொழுதுட்டு வந்ததுலேர்ந்து ஆளு ஆளா இல்ல. மீனாணத்துல புளி கூடிருச்சான்னு கேட்டா, அதுக்கும் பதில் இல்ல.

சுஐபு: புளியெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மீனும் நல்ல மீனு.

நஸீஹா: இன்னிக்கு மீனே வாங்கல. நீங்க சாப்பிட்டது கோழி.

சுஐபு: கோழியா?

நஸீஹா: என்ன மச்சான்? உடம்பு கிடம்பு சரியில்லையா?

சுஐபு: அதெல்லாம் இல்ல. ரம்ஸியா எங்க?

நஸீஹா: உங்க மக கீழ கடைக்குத் தயிர் வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துருவா.

சுஐபு: அவ வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும். கோவிக்காத.

நஸீஹா: நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீங்களும் கோவிக்கக் கூடாது.

சுஐபு: அப்ப நீ சொல்லு.

நஸீஹா: முதல்ல வாயெடுத்தது நீங்க.

சுஐபு: இல்ல... நம்ம ஊருப் பக்கம் பார்மஸி படிக்கக் காலேஜே இல்லையா?

நஸீஹா: ஏன் இல்லாம! மதுரையில இருக்கு, திருச்சியில இருக்கு. நானும் அதத்தான்...

சுஐபு: அதத்தான்?

நஸீஹா: ஒண்ணுமில்ல. வெளிநாட்டுல போய் அந்தக் குளிருல புள்ள கஷ்டப்படணுமான்னு ஒரு யோசனை.

சுஐபு: அதானே! குளிரு பயங்கரக் குளிராம்.

நஸீஹா: வாய்க்கு ருசியாச் சோறும் கெடைக்காது.

சுஐபு: கெடைக்கவே கெடைக்காது. நான் விசாரிச்சேன்.

நஸீஹா: விசாரிச்சீங்களா?

சுஐபு: என்ன அப்படிப் பாக்குற?

நஸீஹா: சீட்டு கெடச்ச அன்னிக்கு நம்ம அப்பாசியா ஏரியா பூரா லட்டு குடுத்தது யாரு மச்சான்?

சுஐபு: நான்தான்.

நஸீஹா: விசாவுக்கு எழுதிப் போட்ட மறுநாளே மூணு ஸ்வெட்டர் வாங்கியாந்தது யாரு?

சுஐபு: அது நீ.

நஸீஹா: அப்புறம் எப்படி இன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல குளிர ஆரம்பிச்சுச்சு?

சுஐபு: தெரியல புள்ள... விசா ரெண்டு மாசமா வரல. ஒருவேளை வராமலே போயிருச்சுன்னா...

நஸீஹா: ஏன் வராமப் போவுது? என்ன நடந்துச்சு? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

சுஐபு: போன மாசம் திவானியாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தாருன்னு சொன்னேன்ல? ரம்ஸியா படிக்கப் போற அந்த நாட்டோட தூதரு.

நஸீஹா: அந்தக் குட்டிக் கப்பு பிஞ்சான்ல பதினோரு தடவ கஹ்வா குடிச்சாரே, அவரா?

சுஐபு: அவரேதான். குடிச்சு முடிச்சா பிஞ்சான லேசா ஆட்டிக் குடுக்கணும். போதும்னு அர்த்தம். ஆட்டாத வரைக்கும் நான் ஊத்திக்கிட்டே இருக்கணும், அது இவங்க வழக்கம். அந்த மனுஷனுக்கு அது தெரியல. நான் ஊத்த, அவர் குடிக்க... நான் ஊத்த, அவர் குடிக்க...

நஸீஹா: பாவம், வயிறு என்னத்துக்கு ஆகும்! காதுல சொல்லிருக்கலாம்ல?

சுஐபு: சபையில நான் எப்படி வாயத் தொறப்பேன்? கடைசியில அபூ நாசரே சிரிச்சுக்கிட்டு, 'பிஞ்சான ஆட்டுங்க, இல்லன்னா பஸ்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க பாஷையில போதும்ங்கறதுக்கு அவ்வளவுதான்'னாரு.

நஸீஹா: பஸ்! வந்த புதுசுல அந்த வார்த்தையக் கேட்டுட்டு, பஸ் வந்துருச்சுன்னு கூஜாவ வெச்சுட்டு வாசலுக்கு ஓடுனீங்களே...

சுஐபு: அத ஏன் இப்ப எடுக்குற! கேளு. அப்புறம் அபூ நாசர் அவர நேராவே கேட்டுட்டாரு. 'எங்க ஜனங்க ஓட்டுப் போட்டு உக்கார வெச்ச பார்லிமெண்ட மூடி வெச்சிருக்காங்க. எங்கயும் ஜனநாயகம் வேணும்னு பேசுற நீங்க, இதுக்கு ஏன் ஒரு வார்த்தை பேசல? உங்க ஊருல இப்படி மூடுனா சும்மா இருப்பீங்களா?'

நஸீஹா: அப்படிப் போடு! அவர் என்ன சொன்னாரு?

சுஐபு: ஒரே வார்த்தை. இஸ்திக்ரார்.

நஸீஹா: இஸ்திரியா?

சுஐபு: இஸ்திரி இல்ல புள்ள, இஸ்திக்ரார். நாடு ஆட்டம் அசைவு இல்லாம, கலவரம் இல்லாம இருக்கணும், அதான் முக்கியம்னு.

நஸீஹா: அதத்தான் நானும் சொல்றேன். இஸ்திரி. ஒரு சுருக்கம் இல்லாம அமுக்கித் தேய்க்கிறது. பெட்டிக்குக் கரண்டு அவங்க குடுப்பாங்க, சூடு இவங்களுக்கு.

சுஐபு: இத நீ அந்தச் சபையில வந்து சொல்லணும். அபூ நாசர் எந்திரிச்சு உனக்கு எடம் குடுப்பாரு.

நஸீஹா: பொம்பளைங்கள உள்ள விடுவாங்களா?

சுஐபு: அது... விட மாட்டாங்க.

நஸீஹா: அப்ப அவங்க வீட்டுலயும் ஒரு இஸ்திரிப் பெட்டி இருக்கு.

சுஐபு: இருக்குதான். எல்லாரும் ஒரே பேச்சும் இல்ல. ஒருத்தர் சொல்றாரு, பார்லிமெண்டு இருந்தப்ப சண்டையத் தவிர என்ன நடந்துச்சு, ஒரு ரோடு உருப்படியா போட்டாங்களான்னு. அதுக்கு அபூ நாசர், 'சண்டைதான். ஆனா எங்க சண்டை. நாங்களே போட்டு நாங்களே தீத்துக்குவோம்'னாரு.

நஸீஹா: வெள்ளைக்காரங்களுக்கு இதுல என்ன மச்சான் லாபம்?

சுஐபு: அதையும் அவரு சொன்னாரு. எண்ணெய் வேணும், கப்பல் நிக்க எடம் வேணும். அத லட்சம் பேரக் கேட்டு வாங்கறத விட நாட்ட ஆளுற ஒரு ஆளக் கேட்டு வாங்கறது சுளுவு. எந்த அரபு நாட்டுல ஜனங்க எங்கள நாங்களே ஆண்டுக்கறோம்னு எந்திரிச்சாலும், இவங்க முதல்ல பாக்குறது அந்த ஒரு ஆளு பத்திரமா இருக்காரான்னுதானாம்.

நஸீஹா: நல்ல மனுஷன். போன எலெக்‌ஷனுக்கு உங்களுக்கு ஊருக்குப் போகப் பிளேன் டிக்கெட் போட்டுக் குடுத்தாரே...

சுஐபு: 'உங்க ஊருல ஓட்டு இருக்கு, நீ இங்க நின்னு கஹ்வா ஊத்திக்கிட்டிருக்க. வெக்கமா இல்ல? போய்ப் போட்டுட்டு வா'ன்னு வெரட்டுனாரு. நான் மையோட திரும்பி வந்து மூணு வாரத்துல இங்க பார்லிமெண்ட மூடிட்டாங்க. அன்னிக்கு சபையில ஆளாளுக்கு என் விரலப் புடிச்சு, அந்த மையப் பாத்தாங்க புள்ள. கோடீஸ்வரனுங்க... என் விரலப் பாத்துக்கிட்டு நின்னானுங்க.

நஸீஹா: இத நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே.

சுஐபு: எனக்கு அழுகை வந்துரும்னுதான் சொல்லல.

நஸீஹா: சரி. அதுக்கும் ரம்ஸியா விசாவுக்கும் என்ன?

சுஐபு: இன்னிக்குச் சாயந்திரம் ஒரு மனு வருது. திரும்ப எலெக்‌ஷன் வைக்கச் சொல்லி. இஷ்டப்பட்டவங்க கையெழுத்துப் போடுவாங்க. வெளியில யாருக்கும் தெரியாது.

நஸீஹா: ம்.

சுஐபு: செவ்வாய்க்கிழமை நான் காய்கறி வாங்கிட்டு வர்றேன், நம்ம பில்டிங்குக்குக் கீழ ஒரு காரு நிக்குது. உள்ள ரெண்டு பேரு. ஒருத்தன் இறங்கி வந்து இந்தியில பேசறான். எந்த ஆபீஸுன்னு சொல்லல. 'பாய், உங்க பொண்ணு பேரு ரம்ஸியாதானே, பார்மஸிதானே, விசா நாங்க பாத்துக்கறோம்'ங்கறான்.

நஸீஹா: யா அல்லாஹ்...

சுஐபு: 'ஒண்ணும் செய்ய வேணாம். திவானியாவுல யாரு யாரு கையெழுத்துப் போடறான், யாரு என்ன பேசறான். நாலு பேரோட பேரு மட்டும் சொன்னாப் போதும். நீதான் எல்லாருக்கும் பக்கத்துல போய் நிக்கிறவன்'னான்.

நஸீஹா: நீங்க என்ன சொன்னீங்க? மச்சான், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

சுஐபு: அரபு தெரியாதுன்னு சொன்னேன்.

நஸீஹா: இருபத்திரெண்டு வருஷமா இங்க இருந்துட்டா?

சுஐபு: அவனும் அதான் கேட்டான். கஹ்வா ஊத்த பாஷை எதுக்கு சாப், கூஜாவுக்கு மட்டும் அரபு தெரியுமான்னேன். சிரிச்சான். ஆனா நம்பல. காருல இருந்தவன்கிட்ட திரும்பி, அரபுல சொன்னான்...

நஸீஹா: என்னன்னு?

சுஐபு: 'இவன் பொண்ணுக்கு விசா வந்துருச்சு, என் பையிலதான் இருக்கு, குடுத்துரவா?'ன்னு. சொல்லிட்டு டக்குன்னு என் மூஞ்சியப் பாத்தான்.

நஸீஹா: வந்துருச்சா?

சுஐபு: உள்ளுக்குள்ள குதிச்சுச்சு புள்ள. ரம்ஸியா பொறந்த அன்னிக்கு நர்ஸு வந்து சொன்னப்ப எப்படி இருந்துச்சு, அப்படி. அந்தப் பையப் புடுங்கிட்டு ஓடலாமான்னு இருந்துச்சு.

நஸீஹா: மூஞ்சியில காட்டிட்டீங்களா?

சுஐபு: எத்தனை வருஷமா நிக்கிறேன் அந்தச் சபையில. சிரிக்கிற கதைக்குச் சிரிச்சதில்ல, அழுவுற கதைக்கு அழுததில்ல. இந்த மூஞ்சிக்கு நானே இஸ்திரி போட்டுத்தான் வெச்சிருக்கேன். ஒண்ணும் புரியாதவன் மாதிரி 'கியா சாப்?'னு கேட்டேன். காருல ஏறிக் கதவ அடைச்சுட்டுப் போயிட்டான்.

நஸீஹா: மச்சான்...

சுஐபு: அழுவாத. திட்டணும்னா திட்டிரு. புள்ள படிப்ப நான்தான் கெடுத்தேன். நாலு பேரு பேரச் சொல்லிருந்தா...

நஸீஹா: சொல்லிருந்தா கோழியும் கெடையாது, மீனும் கெடையாது. பட்டினிதான் போட்டிருப்பேன்.

சுஐபு: நெசமாவா?

நஸீஹா: நம்மள நம்பிப் பேசறாங்க. அது நம்மகிட்ட ஒப்படைச்ச அமானிதம் இல்லையா? இந்தாங்க, கண்ணத் தொடைங்க. இஸ்திரி போட்ட மூஞ்சி நனையுது பாருங்க.

சுஐபு: ரம்ஸியாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. விசா இனிமே வராது புள்ள.

நஸீஹா: தெரியும். இல்லைன்னு புதன்கிழமையே மெயில் வந்துருச்சு.

சுஐபு: என்னது?

நஸீஹா: உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அவதான் மறைச்சா. 'லட்டு குடுத்த மனுஷன் உம்மா, வாப்பா தாங்க மாட்டாரு, நானே ஊருலதான் படிப்பேன்னு அடம் புடிக்கிறேன், நீங்களும் எனக்கு ஒத்துப் பேசுங்க'ன்னா. அதான் நானும் மதுரை, திருச்சின்னு...

சுஐபு: செவ்வாய்க்கிழமை நான் சொன்னேன், புதன்கிழமை அடிச்சுட்டானா! நான்தான்... என்னாலதான்...

நஸீஹா: உங்களால இல்ல. நீங்க செவ்வாய்க்கிழமைதான் கெடுத்தீங்க. நாங்க அதுக்கு ஒரு வாரம் முந்தியே கெடுத்துட்டோம்.

சுஐபு: நீங்களா?

நஸீஹா: விசாவுக்குக் கைரேகை வைக்கப் போனோம்ல? முடிச்சுட்டுக் கெளம்பறப்ப ஒருத்தி வந்து தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா. சிரிச்ச முகம். சின்னப் பிஞ்சான்ல கஹ்வா எல்லாம் ஊத்திக் குடுத்தா. 'உங்க வீட்டுக்காரர் அபூ நாசர்கிட்டதானே வேலை செய்யறாரு? அரபு நல்லாத் தெரியுமாமே. அங்க பேசறத வீட்டுல வந்து சொல்வாரா? கொஞ்சம் எங்களுக்கும் சொன்னா, விசா சட்டுன்னு முடிஞ்சுரும்'னு எல்லாம் இங்கிலீஷுல.

சுஐபு: ஓ... அதான் என்ன வந்து சோதிச்சானுங்களா?

நஸீஹா: எனக்கு ரம்ஸியாதான் தமிழ்ல மாத்திச் சொன்னா. அரபு தெரியும்னா நீங்க மாட்டுவீங்க. தெரியாதுன்னா புள்ள விசா போயிரும்.

சுஐபு: நீ என்ன சொன்ன?

நஸீஹா: நான் எங்க சொன்னேன்? எனக்கு இங்கிலீஷா வருது?

சுஐபு: அப்ப யாரு...

நஸீஹா: நம்ம புள்ளதான். என்ன ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் பிஞ்சான எடுத்தா, உங்க சபையில செய்வாங்கன்னு சொல்வீங்களே, அதே மாதிரி ரெண்டு ஆட்டு ஆட்டி மேசையில வெச்சா... 'எங்க வாப்பாவுக்கு அரபுல ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும், பஸ்'னு சொல்லிட்டு, என் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டா.