கையால் சுற்றிய கிரிவலம்

குழந்தைக்குக் காய்ச்சல் என்று திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கையில் கட்டோடு ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் நகர இடமில்லை.

"கம்பெனி மெஷின்ல நசுங்குச்சுனு சொல்லாத, கிரிவலம் போறப்ப விழுந்துட்டேன்னு சொல்லுனு சூப்பர்வைசர் சொன்னாருடி."

"ரெண்டு வெரலும் நசுங்கிக் கெடக்குது. கையாலயா மலைய சுத்துன?"

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கடி."

"இன்னாயா நீ? சாமி மேல பழியப் போட்டா, நஷ்டஈட்ட சாமியா குடுப்பாரு?"

அதற்குள் அவர் முறை வந்துவிட்டது.

"கையில என்னப்பா?" என்று டாக்டர் கேட்டார்.

"கிரி..." என்று ஆரம்பித்தவர் மனைவியைப் பார்த்தார். "கம்பெனி மெஷின்ல மாட்டிக்கிச்சுங்க."

"அப்படியே எழுதிக்குங்க சார்," என்றாள் அவள். "அண்ணாமலையாரு மேல எந்தத் தப்பும் இல்ல."