சத்தம் வராத குண்டு

இரவு இரண்டரை மணி. ஊருக்கு வெளியே ஈ காக்கை இல்லாத சாலை. என் நண்பனுடைய மச்சான் ஷிஃப்ட்டைப் பாதியில் போட்டுவிட்டு, தலைதெறிக்க பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்... ஏன் என்று சொல்கிறேன். பயந்தாங்கொள்ளிகள் இப்போதே எழுந்து போகலாம். தனியாக.

பேரிங்குக்குள் போடும் பீங்கான் குண்டுகளைச் செய்யும் இடத்தில் அவருக்கு வேலை. சூளையில் சுட்ட குண்டுகளை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே போட்டு, மண்ணெண்ணெய் நாறும் சாம்பல் நிறப் பசையோடு வாரக்கணக்கில் அரைத்து உருண்டையாக்குவார்கள். விரிசல் உள்ள ஒன்று உள்ளே போனால் போச்சு... உடைந்து மொத்தத்தையும் கீறிவிடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதலில் ஒவ்வொன்றாக இரும்புப் பலகையில் போட்டுக் கேட்பார்கள். ‘டிங்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் ரிஜெக்ட் டப்பா.

அந்த மேசையில் முன்பு இருந்தவருக்குப் பட்டப்பெயரே ‘காது’. அரைக்கும் வேலையும் பார்த்தவர்; எத்தனை தரம் கழுவினாலும் அவர் விரல்களில் அந்தப் பசை போகாது. ‘டொக்’ கேட்டால், துள்ளிய குண்டு மறுபடி விழுவதற்குள் கையில் பிடித்து ரிஜெக்ட் டப்பாவில் போட்டுவிடுவார். ஒருநாள் அந்த நாற்காலியிலேயே கண்ணை மூடிவிட்டார்.

அன்றைக்கு மச்சான் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். டிங்... டிங்... டிங்... அடுத்ததைப் போட்டார்.

சத்தமே வரவில்லை.

பலகையில் இல்லை. தரையில் இல்லை. ரிஜெக்ட் டப்பாவில் கிடந்தது. அதன்மேல் ஈரப் பசையில் ஒரு விரல் ரேகை. மச்சான் தன் கையைப் பார்த்தார்... சுத்தமாக இருந்தது.

சுத்தியலால் தட்டினார். குண்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே பழைய விரிசல்.

“அண்ணே... நீங்களா?”

காதருகே மண்ணெண்ணெய் வாடை. அவ்வளவுதான், பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மாடி வீடு. மனைவி கதவைத் திறந்தாள்.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

அவர் வாயைத் திறப்பதற்குள் நாலு வயது மகள் விழித்துக்கொண்டாள். அப்பா வந்தால் கட்டிலிலிருந்து ‘தொம்’ என்று குதிப்பாள். கீழ்வீட்டுக்காரர் கழியால் கூரையைத் தட்டித் திட்டுவார். தினமும் இதே கூத்து.

“மெதுவா பாப்பா, கீழ்வீட்டு மாமா திட்டுவாரு” என்றாள் மனைவி.

குதித்தாள்.

சத்தமே வரவில்லை.

அறைக்குள் மண்ணெண்ணெய் வாடை... மச்சான் மகளை வாரியெடுத்து, பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு உள்ளங்காலிலும், ஈரம் காயாமல், சாம்பல் நிற விரல் தடங்கள்.

‘காது’ தன் வாழ்நாளில் விரிசல் இல்லாத நல்ல குண்டு ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை.